மேசையின் எதிர்ப்பக்கம்

பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த முதல் வருடம், நற்குணத்துக்கென்று தனியாக ஒரு பாடவேளை வைத்திருந்தேன். காலை ஜெபம் முடிந்ததும் 20 நிமிடம். கலாத்தியர் 5-ஆம் அதிகாரத்தில் வரும் ஆவியின் கனியை எடுத்துக்கொண்டு, அன்பு, சந்தோஷம், சமாதானம் என்று வாரத்துக்கு ஒன்றாக ஒன்பது வாரத் திட்டம் போட்டேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு மனப்பாட வசனம், ஒரு வேதாகமக் கதை, வண்ணம் தீட்ட ஒரு படம். சுவரில் பெரிய மரம் ஒன்றை வரைந்து ஒட்டி, வாரம் முடியும்போது ஒரு பழத்தைத் தொங்கவிடுவோம். வேதத்தில் 'கனி' என்று ஒருமையில்தான் இருக்கிறது. அதை ஒன்பது துண்டாக நறுக்கி வாரக்கணக்கில் பரிமாற முடியாது என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

நான்காவது வாரம் நீடியபொறுமை. மகளுக்கு அப்போது எட்டு வயது. இரண்டு இலக்க எண்ணால் வகுக்கும் கணக்கு அவளுக்குப் பிடிபடவே இல்லை. மூன்று நாளாக அதே கணக்கு, அதே தவறு. நான் அடிக்கவில்லை, கத்தவும் இல்லை. கத்தாததால் பொறுமையாக இருக்கிறேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை மதியம் அவள் தன் ஐந்து வயதுத் தம்பியை உட்காரவைத்து டீச்சர் விளையாட்டு விளையாடினாள். நான் அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கதவிடுக்கு வழியாக எல்லாம் தெரிந்தது. அவள் அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். பென்சிலின் பின்பக்கத்தால் மேசையில் இரண்டு தட்டு தட்டினாள். கண்ணை ஒரு நொடி மூடி, மூக்கு வழியாக நீளமாக ஒரு மூச்சை விட்டாள். அப்புறம், "எத்தனை தடவை சொல்றது?" என்றாள்.

அவன் இன்னும் ஒரு எழுத்துகூட எழுதியிருக்கவில்லை.

என் கையில் இருந்த சட்டையை மடிக்க முடியவில்லை. அந்தப் பென்சில் தட்டும், அந்த மூச்சும், அந்தக் கண்மூடலும் என்னுடையவை. அவற்றை நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே இல்லை. செய்கிறேன் என்பதுகூட எனக்குத் தெரியாது. நீடியபொறுமையைப் பற்றி அந்த வாரம் நான் சொன்ன எதையும் அவள் விளையாட்டில் சேர்க்கவில்லை. மனப்பாட வசனத்தைக் கேட்டால் பிசகில்லாமல் ஒப்பித்திருப்பாள், அதிலும் சந்தேகமில்லை. ஆனால் 'டீச்சர் என்றால் யார்' என்று அவளாகவே நடித்துக் காட்டியபோது வெளியே வந்தது என் மூச்சுதான்.

பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிற ஆசிரியைக்கு மணி அடித்ததும் ஓர் அறை இருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு சலித்துக்கொள்ளலாம், அழலாம், யாரையாவது திட்டலாம். மறுநாள் காலை முகத்தைக் கழுவிக்கொண்டு வகுப்புக்குப் போகலாம். வீட்டுக்கல்வியில் அந்த அறை கிடையாது. பிள்ளைகளுக்கு இலக்கணம் சொல்லித்தருகிற அதே வாய்தான் தொலைபேசியில் உறவினரைப் பற்றிப் பேசுகிறது. விட்டுக்கொடுக்கச் சொல்லித்தருகிற அதே ஆள்தான் கணவரோடு ஒரு ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று அரைமணி நேரம் வாதாடுகிறாள். பிள்ளைகள் நாள் முழுக்க எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

வீட்டில் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிற கிறிஸ்தவப் பெற்றோர் பெரும்பாலும் தங்களுக்கு ஆதாரமாகச் சொல்வது உபாகமம் 6-ஆம் அதிகாரத்தைத்தான். நானும் அதைத்தான் சொல்லிவந்தேன். "நீ அவைகளை உன் பிள்ளைகளுக்குக் கருத்தாய்ப் போதித்து" என்ற ஏழாம் வசனத்தை அழகாக எழுதி மாட்டியிருந்தேன். கருத்தாய்ப் போதிப்பது என்று இங்கே வருகிற எபிரெயச் சொல்லின் வேருக்குக் கூர்தீட்டுவது என்று பொருள். கத்தியைச் சாணைக்கல்லில் ஒரே ஒரு தடவை இழுத்தால் கூர் வராது. அந்த அளவுக்கு எனக்குப் புரிந்திருந்தது.

மேசையில் நடந்த அந்த விளையாட்டுக்குப் பிறகுதான் ஆறாம் வசனத்தைக் கவனித்துப் படித்தேன். "இந்த வார்த்தைகள் உன் இருதயத்தில் இருக்கக்கடவது." பிள்ளைகளுக்குப் போதிப்பதைப் பற்றிய பேச்சே அதற்குப் பிறகுதான் வருகிறது. ஏழாம் வசனம் சொல்கிற நேரங்களையும் பாருங்கள்: வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, வழியில் நடக்கும்போது, படுத்துக்கொள்ளும்போது, எழுந்திருக்கும்போது. இவற்றில் எதுவும் பாடவேளை இல்லை. நம்மை நாம் தயார்படுத்திக்கொள்ளாத நேரங்கள் இவை, அதிலும் படுக்கப்போகும் நேரமும் எழுந்திருக்கும் நேரமும் நிச்சயமாக அப்படித்தான். அயர்ந்துபோன இரவு ஒன்பது மணிக்கு நான் எப்படிப் பேசுகிறேனோ அதுதான் என் இருதயத்தில் இருப்பது. என் பிள்ளைகளுக்கு அது நன்றாகத் தெரியும்.

நீதிமொழிகள் 22:6-ஐயும் இதோடு சேர்த்து யோசித்தேன். "பிள்ளையானவன் நடக்கவேண்டிய வழியிலே அவனை நடத்து." தமிழில் இந்த வசனம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். நட, நடத்து, நடை, நடத்தை எல்லாம் ஒரே வேர். ஒருவரை நடத்த வேண்டுமென்றால் கூடவே நடக்க வேண்டும். வீட்டு வாசலில் நின்றுகொண்டு விரலை நீட்டி, "அந்தப் பக்கம் போ" என்று சொல்வதை நடத்துவது என்று யாரும் சொல்லமாட்டார்கள். குழந்தை முதன்முதலில் அடி எடுத்துவைத்தபோது நாம் அதன் கையைப் பிடித்துக் குனிந்து, அதன் வேகத்துக்கு நடந்தோம். பொறுமைக்கும் உண்மைக்கும் மட்டும் வாசலிலேயே நின்றுவிடுகிறோம்.

உண்மை பேசுவதைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது, ஏனென்றால் அங்கேதான் அதிகம் அடிபட்டேன்.

ஒரு சாயங்காலம், எனக்குத் தெரிந்த ஒரு சகோதரி பேசவேண்டும் என்று செய்தி அனுப்பியிருந்தார். அவர் பேச ஆரம்பித்தால் ஒரு மணி நேரமாவது ஆகும். எனக்குத் தெம்பில்லை. "பயணத்தில் இருக்கிறேன், அப்புறம் பேசுகிறேன்" என்று தட்டச்சு செய்து அனுப்பினேன். மகள் என் தோள்மேல் சாய்ந்துகொண்டிருந்தாள். எழுத்துக்கூட்டிப் படிக்க அவளுக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான். அவள் முழுவதையும் படித்துவிட்டு, உண்மையான ஆவலோடு, "எங்கம்மா போறோம்?" என்று கேட்டாள்.

அதற்கு என்ன பதில் சொல்வது?

'சும்மா சொன்னேன்' என்று ஒரு பதில் இருக்கிறது. பெரியவர்கள் உலகத்தில் அது ஒரு முழு விளக்கம். ஆனால் அன்று காலைதான் அவள் எழுதாத பயிற்சியை எழுதிவிட்டதாகச் சொன்னதற்கு, "பொய் சொல்லும் நாவைக் கர்த்தர் வெறுக்கிறார்" என்று நீதிமொழிகள் 6-ஆம் அதிகாரத்தை எடுத்து அவளுக்கு விளக்கியிருந்தேன்.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஓர் ஆய்வை இந்தச் சம்பவத்துக்குப் பிறகு படித்தேன். மூன்று முதல் ஏழு வயது வரையுள்ள 186 பிள்ளைகள். பாதிப் பேரிடம், அடுத்த அறையில் கிண்ணம் நிறைய மிட்டாய் இருக்கிறது என்று சொல்லி விளையாட அழைத்துவந்து, அப்புறம் அது உண்மையில்லை, கூட்டிவருவதற்காகச் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டார்கள். மற்றவர்களிடம் அப்படி எதுவும் சொல்லவில்லை. பிறகு ஒரு பொம்மையைப் பின்னால் வைத்து, திரும்பிப் பார்க்கக்கூடாது என்று சொல்லி, பிள்ளையைத் தனியே விட்டுவிட்டு வெளியே போனார்கள். திரும்பிவந்து பார்த்தாயா என்று கேட்டார்கள். ஐந்து முதல் ஏழு வயதுப் பிள்ளைகளில், பொய் கேட்காதவர்களில் ஏறக்குறைய 60 சதவீதம் பேர் திரும்பிப் பார்த்தார்கள், பார்த்தவர்களில் ஏறக்குறைய 60 சதவீதம் பேர் பார்க்கவில்லை என்று பொய் சொன்னார்கள். பெரியவரிடம் பொய் கேட்டவர்களிடையே திரும்பிப் பார்த்தவர்கள் கிட்டத்தட்ட 80 சதவீதம், அதை மறைத்தவர்கள் கிட்டத்தட்ட 90 சதவீதம். அதைவிடச் சின்னப் பிள்ளைகளிடம் இந்த வித்தியாசம் தெரியவில்லை. யார் சொன்னது உண்மை, யாரிடம் உண்மையாக இருக்க வேண்டும் என்று கணக்குப்போடுகிற வயது வந்ததும், அந்தக் கணக்கில் நம்மையும் சேர்த்துக்கொள்கிறார்கள்.

அந்த எண்களைவிட ஆதியாகமம் என்னை அதிகம் கலங்கவைத்தது. ஆபிரகாம் தன்னைக் கொன்றுவிடுவார்களோ என்ற பயத்தில் தன் மனைவியைச் சகோதரி என்று சொன்னது இரண்டு முறை பதிவாகியிருக்கிறது, 12-ஆம் அதிகாரத்தில் எகிப்தில், 20-ஆம் அதிகாரத்தில் கேராரில். இரண்டாவது முறை கேராரின் ராஜா அபிமெலேக்கு கேட்கும்போது, ஆபிரகாம் தரும் பதிலில்தான் முழு விஷயமும் தெரிகிறது. போகிற இடமெல்லாம் அப்படியே சொல்ல வேண்டும் என்று வீட்டைவிட்டுப் புறப்பட்ட காலத்திலேயே சாராளிடம் பேசிவைத்திருந்தார். அது திடீரென்று வந்த தடுமாற்றம் இல்லை, அந்தக் குடும்பம் ஊர் ஊராகச் சுமந்த ஏற்பாடு. அப்புறம் 26-ஆம் அதிகாரம். அதே கேரார். ஈசாக்கு தன் மனைவி ரெபெக்காளைச் சகோதரி என்று சொல்கிறார். அதே பயம், அதே வார்த்தை.

ஈசாக்கு பிறந்தது 21-ஆம் அதிகாரத்தில். தகப்பன் சொன்ன அந்த இரண்டு பொய்களில் ஒன்றைக்கூட மகன் பார்க்கவில்லை. அது எப்படி அவருக்குள் வந்தது என்று வேதம் சொல்லவில்லை, நானும் ஊகிக்கப்போவதில்லை. ஆனால் இந்த மூன்று அதிகாரங்களையும் அடுத்தடுத்துப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் காலை, மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அந்தச் சகோதரியை அழைத்தேன். "நேத்து நான் பயணத்துல இல்ல அக்கா. ரொம்ப அசதியா இருந்துச்சு, அதை நேராச் சொல்லாம பொய் சொல்லிட்டேன். மன்னிச்சிடுங்க." அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அவர், "பரவாயில்லம்மா, இப்ப எப்படி இருக்கீங்க?" என்றார். பத்து நிமிடம்தான் பேசினோம். மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளிடம் எதுவும் விளக்கவில்லை. விளக்கினால் கெட்டுவிடும் என்று தோன்றியது.

சூசன்னா வெஸ்லியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, சார்லஸ் வெஸ்லியின் தாய். இங்கிலாந்தில் எப்வொர்த் என்ற ஊரில் ஒரு சபைக் குருவின் மனைவி. 19 பிள்ளைகளைப் பெற்றார், 9 பேர் குழந்தைப் பருவத்திலேயே இறந்துபோனார்கள். மீதிப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம், காலையில் மூன்று மணி நேரம், பிற்பகலில் மூன்று மணி நேரம். ஜான் கேட்டுக்கொண்டதால், தான் பிள்ளைகளை வளர்த்த முறையை 1732-இல் ஒரு கடிதத்தில் எழுதினார். வீட்டுக்கல்வி நடத்துகிற தாய்மாரில் நிறையப் பேர் அவரை ஓர் ஏணியின் உச்சியில் வைத்துப் பார்க்கிறார்கள். நானும் பார்த்தேன். ஆனால் அந்தக் கடிதத்தில் எல்லாவற்றையும் நான் ஏற்றுக்கொள்ளவில்லை. ஒரு வயதானதும், சிலருக்கு அதற்கு முன்பே, பிரம்புக்குப் பயந்து மெல்ல அழப் பழக்கினேன் என்று அவர் எழுதுகிறார். அதைப் படிக்கும்போது எனக்கு நெஞ்சு வலிக்கிறது. அவருடைய காலமும் கஷ்டமும் வேறு என்பதை மறுக்கவில்லை, அதற்காக அதை நான் கைக்கொள்ளவும் மாட்டேன்.

அதே கடிதத்தில் அவருடைய விதி ஒன்று இருக்கிறது. குற்றம் செய்த பிள்ளை அதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டு, திருந்துவதாகச் சொன்னால் அடி கிடையாது. அடிக்குப் பயந்துதான் பிள்ளைகள் பொய்யில் விழுகிறார்கள் என்று அவர் கண்டுகொண்டிருந்தார். இன்னொன்று, ஒரு தவறுக்காக ஒருமுறை கண்டித்துவிட்டால் அதே தவறைப் பிறகு குத்திக்காட்டக்கூடாது. இந்த இரண்டையும் எங்கள் வீட்டில் எடுத்துக்கொண்டோம். எடுத்துக்கொண்ட வாரமே ஒரு விஷயம் புரிந்தது. குற்றத்தை ஒப்புக்கொள்வது எப்படியிருக்கும் என்று பிள்ளைகளுக்கு ஒரு மாதிரியே இல்லை. அவர்கள் வாழ்க்கையில் தவறு செய்கிறவர்கள் பிள்ளைகள் மட்டும்தான், மன்னிக்கிறவர்கள் எப்போதும் பெரியவர்கள். மன்னிப்பு என்பது கீழேயிருந்து மேலே கேட்கிற ஒன்று என்று அவர்கள் நினைத்திருந்தால் அதில் ஆச்சரியமில்லை.

என் கணவருக்கு இதில் முதலில் தயக்கம் இருந்தது. பிள்ளைகளிடம் அடிக்கடி மன்னிப்புக் கேட்டால் பெற்றோரின் வார்த்தைக்கு மதிப்புப் போய்விடாதா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நாள் முழுக்க 'சாரி, சாரி' என்று சொல்லிக்கொண்டே அதையே திரும்பச் செய்கிற பெற்றோரும் உண்டு, அதனால் யாருக்கும் பிரயோஜனமில்லை. ஒரு மாதம் கழித்து அவருடைய திருப்புளி காணாமல் போனது. மகன்தான் எடுத்தான் என்று உறுதியாக நம்பிவிட்டார். அவன் இல்லையென்று சொன்னதைப் பொய் என்று சொல்லிக் கண்டித்தார். இரண்டு நாள் கழித்து அது அவருடைய பையிலேயே இருந்தது. அன்று இரவு அவர் அவன் படுக்கைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "நீ எடுக்கலைன்னு சொன்னே. நான் நம்பலை. நான் செஞ்சது தப்பு" என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார். 'ஆனா நீ போன தடவை எடுத்தேல்ல, அதனாலதான்' என்ற பின்பாதி வரவில்லை. வந்திருந்தால் அது மன்னிப்பாக இருந்திருக்காது. மகன் போர்வைக்குள்ளிருந்து, "சரிப்பா" என்று மட்டும் சொன்னான். அந்த வாரத்திலேயே, நாங்கள் கண்டுபிடித்திருக்கவே முடியாத ஒரு தவறை அவனாகவே வந்து அவரிடம் சொன்னான். என்ன தவறு என்று இங்கே எழுத மாட்டேன், அது அவனுடையது.

இதெல்லாம் நன்றாகத்தான் போனது. ஆனால் எனக்குள் ஒரு கோணல் வளர ஆரம்பித்தது. பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்று தெரிந்துவிட்டதல்லவா, அவர்கள் பார்க்கிற மாதிரி நல்லது செய்ய ஆரம்பித்தேன். ஜெபம் பண்ணும்போது கதவைத் திறந்துவைத்தேன். ஒருவருக்கு உதவி செய்யும்போது குரலைக் கொஞ்சம் உயர்த்தினேன். ஒருநாள், தேவையில் இருந்த ஒரு குடும்பத்துக்கு எங்கள் துணிகளில் நல்லவற்றை எடுத்துவைக்கும்போது, "பழசை மட்டும் கொடுக்கிறது சரியில்ல, இல்லையா?" என்று பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னேன். மகளுக்கு அப்போது பத்து வயது. "அம்மா, நாங்க பார்க்கணும்னுதான் இதைச் செய்றீங்களா?" என்றாள். குற்றம் சாட்டவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

மத்தேயு 6-ஆம் அதிகாரத்தின் முதல் வசனமே அதுதான். மனுஷர் காணவேண்டுமென்று அவர்களுக்கு முன்பாகத் தர்மம் செய்யாதபடி எச்சரிக்கையாயிருங்கள். அந்த மனுஷரில் நம் பிள்ளைகளும் சேர்த்தியா? முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்று ஒரு பக்கம், காணும்படி செய்யக்கூடாது என்று இன்னொரு பக்கம். இதை நான் வெகுநாள் சுமந்தேன்.

பதில் கிடைத்தது, எதிர்பாராத ஒரு சொல்லில். 2 தீமோத்தேயு 1:5-இல் அப்போஸ்தலர் பவுல், தன் இளம் உடன் ஊழியன் தீமோத்தேயுவின் 'மாயமற்ற விசுவாசத்தை' நினைவுகூருகிறார். அது முதலில் அவனுடைய பாட்டி லோவிசாளுக்குள்ளும், தாய் ஐனிக்கேயாளுக்குள்ளும் இருந்தது என்கிறார். வீட்டில் விசுவாசத்தைக் கற்பித்ததற்குப் புதிய ஏற்பாட்டில் இருக்கிற தெளிவான சாட்சி இந்த இரண்டு பெண்கள்தான். மத்தேயு 6-இல் தெருமுனையில் நின்று ஜெபிக்கிறவர்களை இயேசு 'மாயக்காரர்' என்கிறார். தமிழில் இரண்டிலும் 'மாயம்' இருப்பதைக் கவனித்துவிட்டு, மூலத்தில் என்ன என்று பார்த்தேன். கிரேக்கத்திலும் இரண்டும் ஒரே குடும்பத்துச் சொற்கள். மாயக்காரர் என்பதற்கு அங்கே மேடையில் நடிக்கிறவர் என்று பொருள். அப்படியென்றால் லோவிசாளிடமிருந்து மகளுக்கும், மகளிடமிருந்து பேரனுக்கும் போய்ச்சேர்ந்தது நடிக்காத ஒன்று. அவர்கள் தீமோத்தேயுவுக்காக எதையும் நடத்திக் காட்டவில்லை. அவன் அங்கே இருந்தான், அவ்வளவுதான்.

இதைப் படித்தபோது எனக்கு அப்பா ஞாபகம் வந்தது.

அப்பா பல வருடம் எங்கள் சபையின் பொருளாளராக இருந்தார். சில ஞாயிறுகளில் காணிக்கையை எண்ணி முடிக்க நேரமில்லாமல், பூட்டிய பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவருவார். அதை அவர் ஒருநாளும் தனியாகத் திறந்ததில்லை. இன்னொரு பெரியவர் வர வேண்டும், அவர் வரும்வரை பெட்டி மேசைமேல் அப்படியே இருக்கும். ஒருமுறை அந்தப் பெரியவரால் வர முடியவில்லை. மறுநாள் காலைக்குள் கணக்கு ஒப்படைக்க வேண்டும். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, படுத்திருந்தார். அப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். எனக்கு ஒன்பது வயது. மேசையின் எதிர்ப்பக்கம் நாற்காலியைப் போட்டு, "இங்க உட்காரு. நான் எண்ணுறதைப் பார்த்துக்கிட்டே இரு, நீயும் மனசுக்குள்ள எண்ணு" என்றார். கட்டுக் கட்டாக எண்ணி, தொகையைச் சொல்லி, என் கண்ணைப் பார்த்தார். நான் தலையாட்டியதும் எழுதினார். கடைசியில் தாளில் தன் கையெழுத்துக்குக் கீழே என் பெயரையும் எழுதவைத்தார். எனக்குத் தூக்கம் தூக்கமாக வந்தது. அவர் எனக்கு நேர்மையைப் பற்றி அன்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குப் பாடம் எடுப்பதற்காக என்னை உட்காரவைக்கவும் இல்லை. அவருக்கு இன்னொரு ஜோடிக் கண் தேவைப்பட்டது. வீட்டில் இருந்தது என்னுடையதுதான்.

எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்த்த பணத்தைக் கொண்டுபோகும்போது பவுல் தன்னோடு வேறு சகோதரரையும் சேர்த்துக்கொண்டார், ஒருவரும் குற்றஞ்சொல்ல இடம் கொடுக்காதபடி. "கர்த்தருக்கு முன்பாகமாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும்" யோக்கியமானதைச் செய்ய நாடுகிறோம் என்று 2 கொரிந்தியர் 8-இல் காரணமும் சொல்கிறார். இருபது வயதுக்கு மேல் முதன்முதலில் இந்தப் பகுதியைக் கவனித்துப் படித்தபோது எனக்கு அது புதிதாகவே இல்லை. அந்த நாற்காலியில் நான் ஏற்கனவே உட்கார்ந்திருந்தேன்.

முன்மாதிரியைப் பற்றி எழுதுகிறவர்கள் பொதுவாக இங்கே நிறுத்திக்கொள்வார்கள். எனக்கு மனசு வரவில்லை, ஏனென்றால் தீர்க்கதரிசி சாமுவேல் இருக்கிறார்.

ஆசாரியர் ஏலியின் வீட்டைப் பற்றிப் பெற்றோர் கூட்டங்களில் நிறையப் பேசுகிறோம். மகன்கள் கெட்டுப்போவது தெரிந்தும் அவர் அவர்களை அடக்கவில்லை, கர்த்தர் அதற்கு அவரைக் கணக்குக் கேட்டார். சாமுவேலின் மகன்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. சாமுவேல் முதிர்வயதில் இஸ்ரவேல் எல்லாருக்கும் முன்பாக நின்று, நான் யாருடைய எருதை எடுத்துக்கொண்டேன், யார் கையில் பரிதானம் (லஞ்சம்) வாங்கினேன், சொல்லுங்கள் என்று கேட்டபோது ஒருவராலும் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அவ்வளவு சுத்தமான கை. அவருடைய மகன்கள் யோவேலும் அபியாவும் பெயெர்செபாவில் நியாயாதிபதிகளாக இருந்துகொண்டு பரிதானம் வாங்கினார்கள். "அவன் வழிகளில் நடவாமல்" என்று 1 சாமுவேல் 8:3 சொல்கிறது. தகப்பன் வழி அங்கே இருந்தது, மகன்கள் அதில் நடக்கவில்லை. பரிதானம் வாங்கவில்லை என்று ஜனங்களிடம் சாட்சி கேட்ட அதே பேச்சில்தான், "என் குமாரர் உங்களோடிருக்கிறார்களே" என்று அவர் சொல்கிறார். அதைச் சொன்னபோது அவர் குரல் எப்படி இருந்திருக்கும்?

ஏலியைக் கண்டித்ததுபோல் கர்த்தர் சாமுவேலை இந்த விஷயத்தில் கண்டித்ததாக எங்கும் இல்லை. வீட்டுக்கல்வியைத் தேர்ந்தெடுத்த எங்களுக்குள் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது: எல்லாவற்றையும் சரியாகச் செய்தால் சரியான பிள்ளை வெளியே வரும். முன்மாதிரியும் அதில் இன்னொரு நெம்புகோலாகிவிடுகிறது. பிள்ளை வழிவிலகினால் சுற்றியிருப்பவர்கள் அந்தத் தாயின் முகத்தைத் தேடிப் பார்க்கிறார்கள். நான் அறிந்த ஒரு தாய் அந்தப் பார்வைக்குப் பயந்து ஆராதனைக்கு வருவதையே நிறுத்திக்கொண்டார். அவர் வீட்டில் நான் பார்த்த உண்மையும் பொறுமையும் என் வீட்டில் இருந்ததைவிட அதிகம். நாம் நடத்தலாம், கூட நடக்கலாம். அவர்கள் காலை நாம் எடுத்துவைக்க முடியாது. இருதயத்தை மாற்றுகிறவர் கர்த்தர். என் மகள் ஒரு நாளில் இருபது முறை எனக்காக இல்லாமல் தானாகவே ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறாள், அதில் சில எனக்குப் பிடிப்பதில்லை. அதற்காக முழங்காலில் நிற்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

சுவரிலிருந்த மரத்தை எடுத்துவிட்டேன். நற்குணப் பாடவேளையும் இல்லை. ஆனால் கதைகளையும் வசனங்களையும் விடவில்லை, அவை வேண்டும். பொறுமை என்ற சொல்லே தெரியாத பிள்ளைக்கு, தான் பார்த்தது பொறுமை என்று தெரியாது. பிலிப்பியருக்குப் பவுல் எழுதும்போது, நீங்கள் என்னிடத்தில் "கற்றும் அடைந்தும் கேட்டும் கண்டும்" இருக்கிறவைகளைச் செய்யுங்கள் என்றார். கேட்டதும் உண்டு, கண்டதும் உண்டு. கேட்டது கண்டதோடு பொருந்தாதபோதுதான் பிள்ளைகளுக்குக் குழப்பம். அப்போது அவர்கள் கண்டதையே எடுத்துக்கொள்கிறார்கள். கணக்கு நேரத்தில் எனக்கு அந்த மூச்சு இன்னும் வருகிறது. வந்தால் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "அம்மாவுக்குக் கோபம் வருது, கொஞ்சம் இரு" என்று சொல்லி எழுந்து ஜன்னலுக்குப் போகிறேன். சில நாள் ஜன்னலுக்குப் போவதற்குள் வாய் முந்திக்கொள்கிறது. அப்போது திரும்பிவந்து கேட்க வேண்டியதைக் கேட்கிறேன்.

எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு தகர உண்டியல் இருக்கிறது. மிஷனெரி ஊழியத்துக்காகப் பிள்ளைகள் தங்கள் கைக்காசிலிருந்து போடுவது. வருடத்துக்கு ஒருமுறை திறப்போம். இந்த வருடம் திறக்கிற வேலையை மகனிடம் கொடுத்தேன், அவனுக்கு இப்போது ஒன்பது வயது. அவன் தாத்தாவைப் பார்த்ததில்லை. அவன் பிறப்பதற்கு இரண்டு வருடம் முன்பே அப்பா கர்த்தருக்குள் நித்திரையடைந்துவிட்டார். அந்த இரவைப் பற்றியும் பெட்டியைப் பற்றியும் நான் பிள்ளைகளுக்குச் சொன்னதில்லை. இந்தக் கட்டுரையில்தான் முதன்முதலில் எழுதுகிறேன்.

அவன் உண்டியலை மேசைமேல் வைத்தான். மூடியில் கை வைத்தவன், திறக்காமல் நிமிர்ந்து பார்த்தான்.

"அக்கா, வா. இந்தப் பக்கம் உட்காரு."

"எதுக்குடா? நீயே எண்ணு."

"தனியா எண்ணக்கூடாதுல்ல."

"யார் சொன்னா?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "யாரும் சொல்லல. அம்மா எப்பவும் யாரையாவது கூப்பிடுவாங்கல்ல."

நான் அப்படிக் கூப்பிடுவேனா? அடுப்பங்கரை வாசலில் ஈரக்கையோடு நின்றுகொண்டு யோசித்துப் பார்த்தேன். அவள் முணுமுணுத்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். அவன் காசுகளைக் கொட்டி, பத்துப் பத்தாக அடுக்க ஆரம்பித்தான்.